ஏலக்காரர் வாயில் ஒரு தெர்மாமீட்டர்

தொண்ணூறு நாட்களும் நான்கு மணி நேரமும் ஏலக்காரர் ஒரு ரகசியத்தைக் காப்பாற்றியிருந்தார். அதற்கு முன் அவர் காப்பாற்றிய ரகசியங்களில் மிக நீண்டது ஒன்றே கால் நிமிடம் என்று அவர் மனைவி சொல்வாள்.

மூளையில் ரத்தக்குழாய் அடைத்துப் பக்கவாதம் வந்தபோது அது அவருடைய இடது கையை எடுத்துக்கொண்டு வாயை அப்படியே விட்டுவிட்டது. அவர் இடக்கைக்காரர். சுத்தியலைப் பிடித்து "மூணு தரம்" என்று மேசையில் தட்டுகிற கை அது. இப்போது அந்த வேலையை மச்சினன் பார்க்கிறான். ஈ அடிப்பது போலத் தட்டுகிறான் என்று கேள்வி.

அவரைச் சேர்த்துக்கொண்ட ஆராய்ச்சியில் நாற்பது நோயாளிகள். பாதிப் பேருக்கு விரல்களைத் தானாக மடக்கி விரிக்கும் மின்கையுறை, மீதிப் பேருக்கு வழக்கமான பயிற்சி மட்டும். யாருக்கு எது என்பது எல்லோருக்கும் தெரியும், அளவெடுக்கும் பெண் ஒருத்தியைத் தவிர. தெரிந்தால் அவளை அறியாமலே ஒரு பக்கம் சாய்ந்துவிடுவாளாம். அலுவலகத்தில் அவளுக்குப் பெயரே கண்கட்டு. அவள் வந்தால் பேச்சு நின்றுவிடும். துப்புரவு செய்யும் அம்மா கூடத் தன் ரப்பர் கையுறையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்வார். இரண்டு வருடமாக அவள் தனியாகத்தான் சாப்பிடுகிறாள்.

இரண்டு பேர் ஏற்கனவே கெட்டுவிட்டார்கள். ஒருவர் தானே உளறினார். இன்னொருவருடைய மாமியார், "அதத் தண்ணியில நனைக்கலாமா?" என்று இவளிடமே கேட்டார். அந்த இருவரின் அளவும் சேராது. முப்பத்தெட்டு பேருக்குக் குறைந்தால் ஆராய்ச்சியே செல்லாது. ஏலக்காரர்தான் முப்பத்தெட்டாவது ஆள்.

கதவு திறந்தது. அவர் வாயில் தெர்மாமீட்டர் இருந்தது.

"காய்ச்சலா?" என்றாள் கண்கட்டு.

"இல்லம்மா, பேச்சு" என்றாள் மனைவி. "காலையில இருந்து நாக்கு நுனியில நிக்குது. வாய்க்கு வந்தா அந்த இடது கைய மூடுங்க, வார்த்தையும் உள்ளயே கிடக்கும்னு முதல் நாளே சொல்லி வெச்சேன். நம்பி அனுப்ப முடியல, அதான் இதையும் செருகிட்டேன்."

ஏலக்காரர் தலையாட்டினார். தெர்மாமீட்டரும் ஆடியது.

கண்கட்டு காதில் பாதிதான் வாங்கினாள். எதையும் முழுதாகக் கேட்காமல் இருப்பது அவளுக்குப் பழகிவிட்டது. மேசையில் பெட்டியை வைத்தாள். நடுவில் தடுப்பு, ஒரு பக்கம் சின்னச் சின்ன மரக்கட்டைகள். ஒரு நிமிடத்தில் இடது கையால் எத்தனை கட்டைகளை அந்தப் பக்கம் போடுகிறார் என்பதுதான் சோதனை. முதல் நாள் மூன்று போட்டார். அதில் ஒன்று தரையில் விழுந்தது.

"ஆரம்பிங்க சார்."

கட்டைகள் பறந்தன. அவள் ஸ்டாப்வாட்சைப் பார்ப்பதா கையைப் பார்ப்பதா என்று தடுமாறினாள். முப்பதாவது நொடியில் தெர்மாமீட்டர் கீச் கீச்சென்று கத்தியது. மனைவி பழக்க தோஷத்தில் அதை உருவி, வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள்.

"பாத்தியாம்மா!" என்றார் ஏலக்காரர், கையை நிறுத்தாமல். "எனக்குக் குடுத்தது..."

மனைவி அவர் வாயைப் பொத்தினாள். கண்கட்டு ஒரு காதை ஸ்டாப்வாட்சாலும் இன்னொன்றை உள்ளங்கையாலும் அடைத்துக்கொண்டு, பதினாறாம் வாய்ப்பாட்டைச் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தாள். ஆள் முன்னால் அவள் இவ்வளவு சத்தமாகப் பேசியதே கிடையாது. பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கதவைச் சாத்தினார். பதினாறு ஒன்பது நூற்று நாற்பத்து நாலில் காதிலேயே மணி அடித்தது.

எண்ணினாள். நாற்பத்து மூன்று. மறுபடி எண்ணினாள். அதே நாற்பத்து மூன்று.

படிவத்தின் கடைசிக் கேள்வி: இவர் எந்தக் குழு என்று உங்களுக்குத் தோன்றுகிறது? அவள் யோசிக்கவே இல்லை. 'மின்கையுறை' என்ற கட்டத்தில் குறியிட்டு அனுப்பினாள். இனி மாற்ற முடியாது என்றது கணினி. முப்பத்தெட்டும் பத்திரம்.

"இப்ப சொல்லலாம் சார்" என்றாள்.

மனைவி கையை எடுத்தாள். ஏலக்காரர் அவசரப்படவில்லை. எழுந்து நின்றார், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார், அறை நிறைய ஆட்கள் இருப்பது போல ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"ஒரு தரம்" என்றார். "இந்தக் கைய தொண்ணூறு நாளா, ஒரு நாளைக்கு முந்நூறு தடவை மூடி மூடித் திறந்திருக்கேன்."

"எண்ணுனது நான்" என்றாள் மனைவி.

"ரெண்டு தரம். எதுக்காக? உங்கிட்ட உளறாம இருக்கறதுக்காக."

கண்கட்டு தான் குறியிட்ட கட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"மூணு தரம்." இடது கையை மடக்கி மேசையில் ஓங்கித் தட்டினார். கட்டைகள் துள்ளி விழுந்தன. "அந்தக் கையுறைய நான் கண்ணால கூடப் பாத்ததில்லம்மா."