சைப்ரஸ் மரச் சாவு விசாரணை

விசாரணைக்கு வந்திருந்தவர்கள்: வீட்டுக்காரர், அவர் மனைவி, அவளுடைய தம்பி, தோட்டக்காரர். நடுவில், பழுப்பாகிப்போன இருபது வயது சைப்ரஸ் மரம்.

"நீ லீவுல இருந்த மாசம் பூரா பச்சையா இருந்துச்சு. நீ வந்த வாரமே காஞ்சுபோச்சு. என்னய்யா பண்ணித் தொலைச்சே?" என்றார் வீட்டுக்காரர்.

தோட்டக்காரர் மரத்தடியைத் தோண்டினார். அவர் லீவில் இருந்தபோது புதுக் குளியலறைக்காகத் தம்பி குழாய் பதித்திருந்த இடத்தில் வேர்களெல்லாம் வெட்டுப்பட்டுக் கிடந்தன.

"வேர் போனாலும் இந்த மரம் கொஞ்ச நாளு பச்சையாவே நிக்கும் சார். செத்தது அப்பவே."

தம்பி போனைப் பார்த்தான்.

"என் தம்பி மேலயே பழியா? குழாயில தண்ணி நல்லாத்தானே வருது?" என்றாள் அக்கா.

வீட்டுக்காரர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். தீர்ப்பு தயாரானது.

"நாளைலேர்ந்து வராதய்யா."

தோட்டக்காரர் மண்வெட்டியோடு வெளியேறினார். தம்பி ஓடிப்போய்க் கதவைச் சாத்திப் பூட்டினான்.