மூன்றாவது சிலிண்டரில் செம்மலை

எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி, அதனடியில் இருக்கும் கேஸ்கட்டை மாற்றி மூடியபோது மெக்கானிக் செம்மலையையும் உள்ளே வைத்து மூடிவிட்டார்கள். மாட்டு டாக்டர் ஞானசேகரன் தன் பழைய டீசல் காரை இரண்டு நாள் ஓட்டிவிட்டு, சத்தம் வருகிறது என்று திரும்பக் கொண்டுவந்து நிறுத்திய பிறகுதான் அது தெரிந்தது.

பட்டறைக்காரர் நாச்சிமுத்து, உடனே செம்மலையின் மனைவி பூங்கோதைக்குப் போன் செய்தார்.

"அம்மிணி, உன்ற ஊட்டுக்காரன் டாக்டர் வண்டிக்குள்ள இருக்கற மாதிரித் தெரியுது. கொஞ்சம் வந்து சத்தத்தக் கேட்டுச் சொன்னீன்னா பரவால்ல."

பூங்கோதை இரண்டு நாளாக வாசலுக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டிருந்தாள். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது. எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று மறந்துபோனது. புருஷன் வீட்டுக்கு வராதது ஒரு பக்கம். அவர் ஒரு பதில் சொல்ல வேண்டியிருந்தது, அது இன்னொரு பக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அவளுக்குச் செக்கிங் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். "திருப்பூருக்கே குடி போயரலாமுங்களா?" என்று மூன்று வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். செம்மலை ஒவ்வொரு முறையும் "சொல்றேன்" என்றார். வியாழக்கிழமை காலையிலும் "சொல்றேன்" என்றுதான் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். இன்றைக்குச் சனிக்கிழமை.

அவள் உடுமலை பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதரை. நாச்சிமுத்து வண்டியை ஸ்டார்ட் செய்து காட்டினார். எஞ்சின் சாதாரணமாக ஓடியது.

"ஒண்ணும் கேக்கலீங்களே அண்ணா."

"சூடாகோணும். ஆறிக் கெடந்தா சத்தம் வர்றதில்ல. ஓட்டித்தான் பாக்கோணும்."

மூவரும் கிளம்பினார்கள். டாக்டர் ஓட்டினார். நாச்சிமுத்து அவருக்குப் பக்கத்தில். பூங்கோதை பின்சீட்டில் உட்கார்ந்து, முன்சீட்டுகளுக்கு நடுவே தலையை நீட்டிக்கொண்டிருந்தாள். ஊரைத் தாண்டியதும் கீழேயிருந்து ஒரு கரகரப்பு வந்தது. டாக்டர் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"அது அவரில்லீங்க."

"ஆமாங்க, அது சைலன்சர் தகடு" என்றார் நாச்சிமுத்து.

குடிமங்கலம் மேட்டில் வண்டி தேர்டு கியரில் ஏறத் தொடங்கியபோது அது வந்தது. ஒரு தட்டல், சின்ன இடைவெளி, பிறகு இரண்டு தட்டல். பூங்கோதையின் கை தானாகச் சீட்டைப் பிடித்துக்கொண்டது. பதினான்கு வருடமாக அவள் அந்தத் தட்டலுக்குத்தான் கதவு திறந்திருக்கிறாள்.

"அவருதானுங்க."

டாக்டர் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார். தட்டல் நின்றது. மிதித்தார், வந்தது. பூங்கோதை இன்னும் கொஞ்சம் முன்னால் குனிந்து, டேஷ்போர்டைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டாள்.

"ஏனுங்க, திருப்பூருக்குப் போலாமா, வேண்டாமா?"

ஒரு தட்டல், இடைவெளி, இரண்டு தட்டல். மேடு முடிந்ததும் அதுவும் ஓய்ந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் அவள் கண்ணாடியை இறக்கினாள், ஏற்றினாள், மறுபடி இறக்கினாள்.

பட்டறையில் எஞ்சினை ஓடவிட்டே பானெட்டைத் திறந்தார்கள். நாச்சிமுத்து ஒரு நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையை எஞ்சின்மேல் ஊன்றி, பிடியில் காதை வைத்துக் கேட்டார். டாக்டருக்கு அந்த முறையில் நம்பிக்கை இல்லை. பையிலிருந்து ஸ்டெதஸ்கோப்பை எடுத்து நான்கைந்து இடங்களில் வைத்துப் பார்த்தார்.

"ஆள் நல்லா இருக்கறாரு. சளி கிளி ஒண்ணுமில்ல. மூச்சு மட்டும் நிமிஷத்துக்கு எண்ணூறு."

"வண்டி நின்னு ஓடறப்ப ஐட்லிங் அவ்வளவுதானுங்களே" என்றார் நாச்சிமுத்து.

எந்தச் சிலிண்டரில் இருக்கிறார் என்று தெரிய வேண்டும். நாச்சிமுத்து ஸ்பேனரை எடுத்து, இன்ஜெக்டர்களுக்குப் போகும் டீசல் குழாய்களின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். நட்டைத் தளர்த்தினால் அந்தச் சிலிண்டருக்கு டீசல் போகாது. அது மட்டும் வேலையை நிறுத்திவிடும். முதலாவதைத் தளர்த்தினார். எஞ்சின் தடுமாறியது, தட்டல் தொடர்ந்தது. அதை இறுக்கிவிட்டு இரண்டாவது. அப்போதும் தொடர்ந்தது. மூன்றாவதைத் தளர்த்தியதும் தட்டல் சுத்தமாக நின்றுவிட்டது.

"மூணுலதான் இருக்கறான்."

தட்டல் நின்றது பூங்கோதைக்குத் தாங்கவில்லை. "இறுக்குங்கண்ணா! மொதல்ல இறுக்குங்க!"

அவர் இறுக்கினார். தட்டல் மறுபடி வந்தது, முன்னைவிடக் கொஞ்சம் வேகமாக. அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

டாக்டர் தொண்டையைச் செருமினார். "நாச்சிமுத்து, இப்படியே ஓட்டினா வண்டிக்கு ஏதாச்சும் ஆகுமா?"

"வண்டிக்கு ஒண்ணும் ஆகாதுங்க."

"இல்ல, அந்த மேட்டுல முன்னெல்லாம் செகண்டு கியருக்கு வரோணும். இப்பத் தேர்டுலயே ஏறுது. திங்கக்கிழமை எனக்குப் பதினோரு ஊருல மாடுகளுக்குக் கோமாரி ஊசி இருக்குது. ஒரு மாசம் போகட்டுமே. அப்புறமாத் தொறந்தா ஆகாதா?"

கேட்டுவிட்டு அவர் பூங்கோதையின் முகத்தைப் பார்க்காமல் ஸ்டெதஸ்கோப்பைச் சுருட்டினார். அவள் கோபப்படவில்லை.

"அவர வெச்சு மேடு ஏறுங்க சார், நான் வேண்டாங்கல. எனக்கு ஒரே ஒரு பதில்தான் வேணும். திங்கக்கிழமை நானும் வேலைக்குச் சேரோணும்."

டாக்டர் நியாயமான மனிதர். விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, எஞ்சினுக்கு அருகே குனிந்து, மாட்டுக்காரர்களுக்கு மருந்து சொல்லும் குரலில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "செம்மலை, போலாம்னா ஒரு தட்டு. வேண்டாம்னா ரெண்டு தட்டு."

ஒரு தட்டல், இடைவெளி, இரண்டு தட்டல். ஒரு தட்டல், இடைவெளி, இரண்டு தட்டல்.

"ரெண்டும் ஒண்ணா வருதுங்களே" என்றார் நாச்சிமுத்து.

"வீட்டுலயும் அப்படித்தானுங்க" என்றாள் பூங்கோதை.

ஓரமாகக் கிடந்த லாரி டயரில் போய் உட்கார்ந்தாள். செம்மலை தெருமுனையில் திரும்பும்போதே, செருப்புச் சத்தத்தை வைத்து அவர் வெளியில் சாப்பிட்டு வருகிறாரா பசியோடு வருகிறாரா என்று சொல்லிவிடுவாள். இருமலில் கோபம் எது, தூசி எது என்று தெரியும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர் மனதில் என்ன ஓடுகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. மூன்று வாரமாக அவர் தொண்டையைக் கனைத்தபோதெல்லாம் பதில் வருகிறது என்று நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்துக் கழுத்து வலித்தது. டயரில் ஒரு நிமிடம்கூட உட்கார முடியவில்லை. எழுந்துவிட்டாள்.

"தொறங்கண்ணா."

நாச்சிமுத்து டாக்டரைப் பார்த்தார். டாக்டர் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு, "விளக்க நான் புடிக்கறேன்" என்றார்.

தண்ணீரை வடித்தார்கள். குழாய்களைக் கழற்றினார்கள். பெல்ட்டை இறக்கினார்கள். பத்து ஹெட் போல்ட்டுகளையும் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார் நாச்சிமுத்து. பூங்கோதை ஒவ்வொன்றையும் வாங்கி வரிசையாகப் பழைய செய்தித்தாளில் அடுக்கினாள். ஹெட்டைத் தூக்கியபோது மணி மூன்று.

மூன்றாவது பிஸ்டன்மேல் முழங்காலைக் கட்டிக்கொண்டு செம்மலை உட்கார்ந்திருந்தார். உடம்பெல்லாம் கரி. கையை நீட்டினார். டாக்டர் பிடித்துத் தூக்கிவிட்டார்.

அவர் முதலில் நாச்சிமுத்துவிடம்தான் பேசினார். "மூணாவது சிலிண்டர் வால்வுல கேப் ஜாஸ்தியா இருக்குதுங்கண்ணா. உள்ள இருந்து பாத்தாத்தான் தெரியுது."

பிறகு மரத்தூளும் சோப்புத்தூளும் போட்டுக் கையைக் கழுவினார். முழங்கை வரைக்கும் தேய்த்தார். விரலிடுக்குகளைத் தேய்த்தார். பூங்கோதை குழாயைத் திறந்து பிடித்தபடி நின்றாள். கேட்கக் கூடாது என்று வாயை இறுக்கிக்கொண்டாள்.

"உள்ள ஒரு நிமிசம் நிக்க உடமாட்டேங்குது" என்றார் அவர். "மேல போனா கீழ தள்ளுது, கீழ போனா மேல தள்ளுது. 'சொல்றேன்'னு சொல்றதுக்குக்கூட நேரமில்ல."

"செரிங்க."

"திருப்பூருல நாலு பேருக்குக்கூட என்னத் தெரியாது. அங்க போயி நான் யாரு, அப்படின்னு யோசிச்சுட்டு இருந்தேன். உள்ள போனதுக்கப்புறம் அந்த யோசனையே வரல." கையை வேஸ்ட் துணியில் துடைத்தார். "போயரலாம் பூங்கோத. மேடு ஏறும்போதெல்லாம் அதத்தான் சொல்லிட்டு இருந்தேன்."

அவள் குழாயை மூடினாள். மூன்று வாரத்தில் முதல்முறையாக அவளுக்குப் பசித்தது.

வால்வு கேப்பைச் சரிசெய்து, புதுக் கேஸ்கட் வைத்தார்கள். மூடுவதற்கு முன் நாச்சிமுத்து ஆட்களை எண்ணினார்: தான், செம்மலை, டாக்டர், பூங்கோதை. நான்கு பேரும் வெளியில் இருந்தார்கள். போல்ட்டுகளை இறுக்கினார். வண்டி ஸ்டார்ட் ஆனது. டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"சத்தமில்லீங்க" என்றார், கொஞ்சம் வருத்தமாக. வண்டியை எடுத்துக்கொண்டு போனார். பட்டறையைத் தாண்டியிருந்த சிறு ஏற்றத்திலேயே அவர் செகண்டுக்கு இறக்குவது கேட்டது.

செம்மலையும் பூங்கோதையும் தெருவுக்குள் திரும்பியபோது வெயில் தணிந்திருந்தது. அவர்கள் வீடு இருந்த இடத்தில் வீடு இல்லை. செவ்வக வடிவில் மண் ஈரமாக இருந்தது. பக்கத்து வீட்டு ரங்கநாயகி, காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தவள், கொடிக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"உங்கூடு நாலரை பஸ்சுக்கே திருப்பூருக்குக் கெளம்பிருச்சுங்களே. இன்னும் எத்தன நேரந்தான் காத்திருக்கறதுன்னு சொல்லிட்டுப் போச்சு."

"உக்கார எடம் கெடச்சுதுங்களாக்கா?" என்று கேட்டாள் பூங்கோதை.

"கெடச்சுது, கெடச்சுது. கடைசி சீட்டுல, சன்னலோரமா."

செம்மலை வானத்தைப் பார்த்து நேரத்தைக் கணக்குப் போட்டார்.

"ஆறே காலுக்கு இன்னொண்ணு இருக்குது" என்றார்.

இருவரும் திரும்பி பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள்.