அரை மணிக்குள் வரக்கூடியவர்

1

இந்தக் கதை ஓர் அரசாங்கப் படிவத்தின் பதினான்காவது கட்டத்தில் பிறந்தது. மனத்தின் ஆழத்தில் ஊறியது என்றெல்லாம் பொய் சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டு மாடியறையை வெளியூர்க்காரர்களுக்கு நாள் வாடகைக்கு விட மாவட்ட அலுவலகத்தின் அனுமதி வேண்டும். வீட்டில் ஓர் எழுத்தாளர் சும்மாதானே இருக்கிறார் என்று படிவம் என் கைக்கு வந்தது. பதினான்காம் கட்டம் கேட்டது: புகார் வந்தால் அரை மணிக்குள் நேரில் வரக்கூடிய, இவ்வீட்டில் வசிக்காத பொறுப்பாளர் யார்?

வீட்டுக்காரர்கள் நாங்களே இங்கே இருக்கும்போது இன்னொருவர் எதற்கு என்று அலுவலகத்தில் கேட்டேன். புகாரே உங்கள்மேல் வந்தால் என்ன செய்வது என்றார்கள். நியாயம்தான்.

அரை மணித் தூரத்துக்குள் எங்களுக்குத் தெரிந்தவன் ஒரே ஒருத்தன். என் மனைவியின் தம்பி. அக்காவும் தம்பியும் பேசி ஆறு வருடமாகிறது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

மலைச்சரிவில் மூடுபனி மெல்ல இறங்கிக்கொண்டிருந்த அந்தக் காலையில்

(மூடுபனி இல்லை. மலையும் இல்லை. விட்டுவிட்டேன்.)

அவள் கண்களில் ஆறு வருட மௌனம்

(மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "நான் எப்ப மௌனமா இருந்தேன்?" என்றாள். உண்மை. தம்பியிடம் பேசாததையெல்லாம் சேர்த்து என்னிடம்தான் பேசினாள். இதையும் விட்டுவிட்டேன்.)

3

சண்டைக்குக் காரணம் சொல்ல வேண்டும். உயில், வழக்கு என்று கனமாக ஏதாவது வைக்கலாமா என்று யோசித்தேன். ஆனால் நடந்தது ஏணி. அலுமினிய ஏணி.

மாமனாருக்குப் பின் வீடு இவளுக்கு வந்தது, ஊர்க்கோடித் தோட்டமும் அதிலிருந்த சின்ன வீடும் தம்பிக்கு. ஒருநாள் அவன் கேட்காமல் உள்ளே வந்து ஏணியை எடுத்தான். அவன் மனைவி பார்த்துக்கொண்டிருக்க, இவள் கேட்டுவிட்டாள்: "கேட்டு எடுக்கணும்னு தெரியாதா? இது என்ன உன் வீடா?"

அவன் பிறந்து வளர்ந்த வீடு.

"இனிமே நீயா கூப்பிடாம இங்க கால் வைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். ஏணியோடு போனான்.

இங்கேதான் மச்சினன் பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம். ரோஷக்காரன் ஏணியைக் கீழே போட்டுவிட்டல்லவா போயிருக்க வேண்டும்? கதைக்கு அதுதான் லட்சணம். ஆனால் அவன் வீட்டுச் சுவருக்குப் பாதிதான் பெயின்ட் அடித்திருந்தான்.

4

இந்த அனுமதி அப்படி என்ன தலைபோகிற விஷயம் என்று நீங்கள் கேட்கலாம். வீடு போகிற விஷயம். கூரை ஒழுகுகிறது. என் கதைகளுக்கு வரும் சன்மானத்தில் ஒழுகுகிற இடத்தில் வைக்க ஒரு வாளி வாங்கலாம். மாடியறை வாடகை வராவிட்டால் வீட்டை விற்க வேண்டியதுதான். இந்த வருடம் மாவட்டம் முழுக்க இருபது அனுமதிகள்தான் என்று விதி. பத்தொன்பது போய்விட்டன.

ஆகவே பதினான்காம் கட்டத்தில் யாரையும் கேட்காமல் மச்சினன் பெயரையும் போன் எண்ணையும் எழுதி, பக்கத்தில் 'மனைவியின் தம்பி' என்றும் போட்டேன். மனைவியிடம், "யாரோ ஒருத்தரைப் போட்டிருக்கேன்" என்றேன். யார் என்று அவள் கேட்கவில்லை. ஊறுகாய் ஜாடிக்கு எந்த மூடி என்பதைக்கூட மூன்று முறை கேட்கிறவள் இதைக் கேட்கவில்லை.

5

அலுவலகத்திலிருந்து ஓர் அம்மாள் சோதனைக்கு வந்தார். புகை வந்தால் கத்தும் கருவியைக் கத்த வைத்துப் பார்த்தார். தீயணைப்பானைத் தூக்கிப் பார்த்தார். பிறகு, மாடி ஜன்னலிலிருந்து ஆபத்தில் இறங்க ஏணி எங்கே என்றார்.

"இருந்துச்சு மேடம்" என்றாள் என் மனைவி.

அவர் ஏதோ குறித்துக்கொண்டு, பதினான்காம் கட்டத்துக்கு வந்து, அங்கிருந்த எண்ணை ஸ்பீக்கரில் போட்டு அழைத்தார். "ஹலோ" என்றது மச்சினன் குரல். ஆறு வருடத்துக்குப் பிறகு இவள் கேட்ட ஒரு சொல். நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். "அரை மணிக்குள்ள உங்க அக்கா வீட்டுக்குள்ள வந்து காட்டணும், இது சோதனை" என்றார் அம்மாள். போன் வைக்கப்பட்டது. வருகிறேன் என்றும் இல்லை, மாட்டேன் என்றும் இல்லை.

(நான் குளியலறைக்குள் போய் அவனுக்கு இன்னொரு போன் போட்டு, "மச்சான், ஏணி" என்று மட்டும் சொன்னேன். இந்த அடைப்புக்குறியை என் மனைவி படிக்காமல் தாண்டிவிட வேண்டும்.)

பைக்கில் ஐந்து நிமிட வழி. பத்து நிமிடம் ஆனது, இருபது ஆனது. இவள் துடைத்த மேசையையே துடைத்தாள். முதலில் "வர மாட்டான்" என்றாள். பிறகு "திமிரு" என்றாள். பிறகு, "வண்டி எங்கயாவது விழுந்திருச்சா, போய்ப் பாருங்களேன்" என்றாள்.

இருபத்தேழாவது நிமிடம் தெருமுனையில் முதலில் ஏணி வந்தது. அப்புறம் அவன். பைக்கில் ஏற்ற முடியாதென்று தோளில் சுமந்தே நடந்திருக்கிறான்.

(ஏணி திரும்புவது ரொம்பக் கச்சிதம், நம்பும்படி இல்லை என்று விமர்சகர்கள் சொல்வார்கள். சொல்லட்டும். அவர்கள் யாரும் அதைச் சுமக்கவில்லை.)

6

கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டான். இவள் வாசலில் நின்றாள். உள்ளே வந்தால்தான் வந்ததாக எழுத முடியும் என்றார் அம்மாள். இன்னும் இரண்டு நிமிடம்.

முடிவு, முதல் வகை: அக்கா, "உள்ள வாடா" என்கிறாள்.

இரண்டாம் வகை: தம்பி, "தள்ளு, தோள் வலிக்குது" என்று தானே நுழைகிறான்.

மூன்றாம் வகை: எழுத்தாளர் இடையில் புகுந்து இருவரையும்

(இது நம்பும்படி இல்லை.)

இருபதாவது அனுமதிச் சீட்டு இப்போது எங்கள் சுவரில் தொங்குகிறது. ஆக, உள்ளே வந்தான். யார் வாயை முதலில் திறந்தது என்பதுதான் கேள்வி. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாளும் அப்படியே.

7

"அவதான் கூப்பிட்டா மாமா" என்கிறான் அவன்.

"வாசல் லைட்டுல இடிக்காதன்னு சொன்னேன். அது கூப்பிட்டதா?" என்கிறாள் இவள்.

இதைத் தீர்த்துக்கொள்ளவே அவன் தினமும் சாயங்காலம் வருகிறான். கூப்பிடாமலே வருகிறான். சமையலறையில் உட்கார்ந்து சண்டை போட்டு, டீ குடித்து, மறுபடி போடுகிறார்கள். போன வாரம் மாடியறைக்கு முதல் விருந்தினர் வந்தார். கீழே ஒரே கூச்சல் என்று அலுவலகத்துக்குப் புகார் செய்தார். அலுவலகம் பொறுப்பாளரை அழைத்தது. எங்கள் சமையலறையில் போன் அடித்தது. பொறுப்பாளர் அரை நிமிடத்தில் நேரில் ஆஜரானதாகக் கோப்பில் பதிவாகியிருக்கிறது.

நான் தீர்ப்பு எழுதினால் ஒருவர் ஜெயித்து, மற்றவர் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார். எழுத மாட்டேன். பதினைந்தாவது கட்டமாக உங்களுக்கே விட்டுவிடுகிறேன்:

முதலில் பேசியவர்: ..............................

பென்சிலால் நிரப்புங்கள். அழிக்க இரண்டு பேர் வருவார்கள்.