ஏரிக்குப் போன பொட்டலம்

என் வீட்டுக்காரர் சங்கரலிங்கம் நிலக்கரி மைன்ஸில் தூக்குவதெல்லாம் இரும்பு. லீவு நாளிலோ அவருக்கு ஒரு ஊக்குகூடக் கனக்கும். குள்ளஞ்சாவடி பக்கம் பெருமாள் ஏரிக்கரை நெடுக இரண்டு நாள் நடந்தே மீன் பிடிக்கப் போகிறேன் என்று எழுபத்தெட்டாம் வருஷம் கிளம்பினாரே, அதற்கு முந்தின வாரம் எங்கள் குவார்ட்டர்ஸில் நடந்த கூத்து சொல்லி மாளாது.

காக்கித் துணியில் ஒரு முதுகுப்பை. நைலான் நரம்பைக் கட்டையில் சுற்றினால் கனமாம், தீப்பெட்டி அட்டையில் சுற்றினார். கழி வேண்டாம், அங்கேயே வெட்டிக்கொள்ளலாம். தூண்டில் முள் எட்டையும் எடையே இல்லாத ஒரு நெட்டித் துண்டில் குத்தி வைத்தார். மிதப்புக்கும் அதுவே போதுமாம். சோப்பை நாலாக அறுத்து அதில் ஒன்று. சாப்பாட்டுக்கு வந்தபோதுதான் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"கலா, கோதுமை மாவை வறுத்து வெல்லம் போட்டு உருண்டை புடிச்சுக் குடு. பசிச்சா நான் திம்பேன். மீன் கேட்டா பிச்சு முள்ளுல வெச்சுருவேன். ஒரே பொட்டலம், ரெண்டு வேலை."

ஸ்டோர் ரூமில் எலித் தொல்லை தாங்கவில்லை. மாவை வறுத்த கையோடு எலிக்கும் சேர்த்து உருட்டிவிட்டால் வேலை மிச்சம் என்று நினைத்தேன். அவரைக் கிண்டல் செய்த நான் அவரைவிட மோசம். அவருக்கு ஆறு, ஏலக்காய் தட்டிப் போட்டது. எலிக்கு ஆறு, மருந்து கலந்தது. ஒரே பேப்பரைக் கிழித்து இரண்டு பொட்டலம் கட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அவர் கிளம்பினார். எங்கள் பெண் புஷ்பாவுக்கு ஆறு வயது. பஸ் ஸ்டாப் வரைக்கும் அப்பாவோடு போய்விட்டு, திரும்பினவள் நேராகப் பக்கத்து வீட்டு ஆரோக்கியம்மாளிடம் விளையாடப் போய்விட்டாள். எட்டு மணிக்கு எலிப் பொட்டலத்தைப் பிரித்தேன். கமகமவென்று ஏலக்காய் மணந்தது.

விஷப் பொட்டலம் அவர் முதுகில் போய்க்கொண்டிருந்தது. பசித்தால் தின்பேன் என்று சொன்ன மனுஷன்.

செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினேன். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஆரோக்கியம்மாள், "எங்கம்மா இப்படி ஓடுற?" என்று கேட்டாள். நடந்ததைச் சொல்ல வாய் வரவில்லை. புருஷனுக்கு விஷம் கட்டிக் கொடுத்தவள் என்று பிளாக் முழுக்கப் பேசுமே என்ற பயம். "அவரு சாப்பாட்டை மறந்துட்டாரு. பாப்பாவைப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

நான் ஏறின பஸ் வடலூரில் நின்றது. கண்டக்டர் இறங்கி டீ குடித்தான். அவனைக் கழுத்தைப் பிடித்து இழுத்து வரலாமா என்றிருந்தது. குள்ளஞ்சாவடியில் இறங்கி, வழி கேட்டுக் கேட்டு ஏரிக்கரையில் ஏறினேன். ஒவ்வொரு மரத்தடியிலும் அவர் வாயில் நுரை தள்ளிக் கிடப்பதாகவே தெரிந்தது.

அவருடைய கூட்டாளி பாவாடை, மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை செய்கிறவன், தண்ணீரோரம் மண்புழு தோண்டிக்கொண்டிருந்தான். "இன்னா அண்ணி, இம்மாந்தூரம்? அண்ணன் அதோ படுத்துகினு கீறாரு."

கருவேல மரத்தடியில் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு கிடந்தார். அசைவில்லை. நான் போட்ட கூச்சலில் அவர் துள்ளி எழுந்தார்.

"ஏன் கத்துற? இருந்த மீனெல்லாம் ஓடிருச்சு!"

"உருண்டை... தின்னீங்களா?"

"அதுவா? பாவாடை கட்டுசோறு கொண்டாந்தான், புழுவும் இங்கயே கெடைக்குது. அது எதுக்கு வீண் சுமைன்னு பஸ் ஸ்டாப்புலயே பாப்பா கையில குடுத்துட்டேன். திங்கட்டும்."

இந்தத் தடவை பொய் சொல்லவில்லை. கரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. பையை அங்கேயே போட்டுவிட்டு ஓட ஆரம்பித்தார்.

பலாப்பழம் ஏற்றி வந்த ஒரு லாரியைக் கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்தினார். காலையில் வேலியோரம் நின்று ஒரு வார்த்தை உண்மையைச் சொல்லியிருந்தால் ஆரோக்கியம்மாள் குழந்தை கையில் இருந்த பொட்டலத்தைப் பார்த்துப் பிடுங்கியிருப்பாள். என் மானத்தைக் காப்பாற்றப் போய்ப் பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டேனே என்று மனசு அடித்துக்கொண்டது.

ஆரோக்கியம்மாள் வீட்டுக் கதவு சும்மா சாத்தியிருந்தது. அவர் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

புஷ்பா தரையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே பேப்பரை விரித்து உருண்டைகளை வரிசையாக வைத்திருந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று... ஐந்து. நான் உருட்டியது ஆறு.

"பாப்பா, இன்னொண்ணு எங்கடி?"

பின்னால் மறைத்திருந்த கையை முன்னால் நீட்டினாள். அதில் இருந்தது ஆறாவது உருண்டை, இருப்பதிலேயே பெரியது.

"அப்பா வந்தப்புறம் எல்லாரும் திங்கலாம்னு வெச்சிருந்தேன். பெரிசு அப்பாவுக்கு. அப்பா, ஆ காட்டு."

அவர் வாயை இறுக மூடிக்கொண்டார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. நான் ஒரே அடியில் அந்த உருண்டையைத் தட்டிவிட்டேன். குழந்தையின் புறங்கை சிவந்துவிட்டது.

தொட்டியடிக்கு இழுத்துப் போய் அவள் கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். "அப்பாவுக்குத்தானே வெச்சேன், ஏம்மா அடிச்சே?" என்று தொண்டை கிழிய அழுதாள். நான் சமாதானம் சொல்லவில்லை. அவள் அழட்டும், இன்னும் நன்றாக அழட்டும் என்று கேட்டுக்கொண்டே நின்றேன்.