மருந்து வெச்சாச்சா?

ஏழு பத்து. அம்மா சமையலறைக் கதவைச் சாத்தித் தாழிட்டாள்.

ரொட்டித் துண்டில் வெண்ணெய் தடவினாள். கேப்ஸ்யூலைத் திருகிப் பிரித்து, உள்ளே இருந்த வெள்ளைக் குருணைகளை ரொட்டியின் நடுவில் தூவினாள். அதன் மேல் ஜாம். ஓரம்வரை இழுத்துவிட்டாள். காலிக் கூட்டைத் தாளில் சுருட்டிக் குப்பைக் கூடையின் அடியில் திணித்தாள். பிறகு கதவைத் திறந்தாள்.

மகள் கதவுக்கு நேர் எதிரே நின்றிருந்தாள். சீருடை போட்டாயிற்று. ஒரு காலில் மட்டும் சாக்ஸ்.

“எதுக்கும்மா கதவ சாத்துற?”

“புகை வெளிய வரும்.”

“ரொட்டிதானே. புகை எங்க வருது?”

“கேள்வி கேக்காம சாப்பிடு. வேன் வந்துடும்.”

மகள் ரொட்டியைத் திருப்பிப் பார்த்தாள். மோந்து பார்த்தாள்.

“நீ முதல்ல ஒரு கடி கடி.”

அம்மா ஓரத்தைக் கடித்தாள். மகள் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். விழுங்கிய பிறகும் பார்த்தாள்.

“நடுவுல கடி.”

“எனக்கு வேண்டாம். உனக்குத்தான்.”

மகள் ரொட்டியை வாயில் திணித்துக்கொண்டாள். கன்னம் புடைக்கக் குளியலறைக்குப் போனாள். உள்ளே குழாய் வெகுநேரம் ஓடியது.

வாய் உலர்கிறது போல, என்று அம்மா நினைத்தாள். போனில் படித்திருந்தாள். வாய் உலரும், பசிக்காது, நெஞ்சு படபடக்கும், பயம் வரும். இவளுக்கு நாலும் வந்துவிட்டது. மருந்து ஆரம்பித்த பிறகுதான் வந்தது. வேறு என்ன காரணம் வேண்டும்?

தினமும் போல போன் அடித்தது. கை முழுக்க ஜாம். ஸ்பீக்கரைத் தட்டினாள். அப்பா, வேலைக்குப் போகும் வழியில்.

“வண்டுக்கு மருந்து வெச்சாச்சா?”

“வெச்சாச்சு.”

குளியலறையில் குழாய் நின்றது.

அப்பாவுக்குப் பூச்சி ஒழிக்கும் கம்பெனியில் வேலை. ஹோட்டல் சமையலறைகள், கிடங்குகள், அடுக்குமாடிகளின் குப்பை அறைகள். பிறந்ததிலிருந்து ஓரிடத்தில் நிற்காத மகளுக்கு வண்டு என்று பெயர் வைத்தவர் அவர்தான். பள்ளியில் வேறு பெயர்கள் வைத்தார்கள். மூன்றாம் வகுப்பு டீச்சர், “உங்க பொண்ணு உக்காந்து நான் பார்த்ததே இல்ல” என்றார். அதையெல்லாம் சிரித்துத் தள்ளினார்கள். ஒருநாள் வேனிலிருந்து இறங்கியவள் திரும்பிப் பார்க்காமல் ரோட்டின் குறுக்கே ஓடினாள். ஒரு பைக் சறுக்கி விழுந்தது. அதன் பிறகு சிரிக்க முடியவில்லை.

டாக்டர் பல தடவை வரச்சொல்லிப் பார்த்துவிட்டு, ஏ.டி.ஹெச்.டி. என்றார். கவனம் ஒன்றில் நிலைக்காது, உடம்பு சும்மா இருக்காது. பிள்ளையின் திமிரும் இல்லை, வளர்ப்பின் குறையும் இல்லை என்றார். மருந்து எழுதினார். ஏதாவது மாறினால் உடனே சொல்லச் சொன்னார்.

வெளியே வந்ததும் அப்பா குரலைத் தாழ்த்தினார்.

“அவகிட்ட மருந்துன்னு சொல்லிடாத. ஸ்கூல்ல போய் உளறுவா. மறுநாளே பைத்தியம்னு முத்திரை குத்திடுவாங்க.”

அம்மா தலையாட்டினாள். தன் அக்காவிடம்கூட அவள் சொல்லவில்லை.

அவள் வேலை செய்வது மூக்குக் கண்ணாடிக் கடையில். எதிரே பலகையில் எழுத்துகள். உட்கார்ந்திருப்பவர் படித்துச் சொல்ல வேண்டும். யார் பார்த்துச் சொல்கிறார், யார் ஊகித்துச் சொல்கிறார் என்று குரலிலேயே கண்டுபிடித்துவிடுவாள். அதில் அவளுக்குப் பெருமை உண்டு. மகள் விஷயத்தில், தான் பார்ப்பதாகவே நினைத்தாள்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அப்பா நல்ல குஷியில் இருந்தார். ஒரு பெரிய ஹோட்டல் வேலையை முடித்திருந்தார். வழக்கம்போல அந்தக் கதையை ஆரம்பித்தார்.

“மேனேஜர் கேக்கறாரு, அடிச்சா நாறுமே, கஸ்டமர் ஓடிடுவாங்களேன்னு. நான் சொன்னேன், சார், அடிக்கவே வேண்டாம், வெச்சா போதும். சர்க்கரையில கலந்து மூலைக்கு மூலை வெச்சுட்டேன். அதுங்களுக்கு என்ன தெரியும்? இனிப்புன்னு தின்னுடும். கொஞ்ச நேரம் தறிகெட்டு ஓடும் பாரு. அப்புறம் ஒண்ணொண்ணா அடங்கிடும்.”

“சாப்பிடற இடத்துல பேசற பேச்சா இது?” என்றாள் அம்மா.

“இந்தச் சாப்பாடே அந்தப் பேச்சுலதான் வருது.”

மகள் தட்டைத் தள்ளினாள். “எனக்கு வேண்டாம்.”

“பாத்தீங்களா?” என்றாள் அம்மா. “பசியே இல்ல. எல்லாம் அதோட வேலை.”

மகள் முன்னால் மருந்தை அவர்கள் ‘அது’ என்றார்கள். அதன் பெயரைச் சொல்லாமலே அதைப் பற்றிச் சண்டை போடப் பழகியிருந்தார்கள்.

“அதைக் குத்தம் சொல்லாத. டீச்சர் போன வாரம் என்ன சொன்னாங்க? அமைதியா இருக்கான்னாங்க.”

“அமைதியா? பயந்து போய் ஒடுங்கியிருக்கா. நகத்தைப் பாருங்க, கடிச்சுக் கடிச்சு ரத்தமே வந்துடுச்சு. அந்த டாக்டரை எனக்கு ஆரம்பத்துலயே பிடிக்கல. மேசையில பேனா, காலண்டர், கடிகாரம், எல்லாத்துலயும் மருந்துக் கம்பெனி பேரு.”

“எனக்குந்தான் பூச்சிமருந்துக் கம்பெனிக்காரன் தொப்பி குடுத்திருக்கான். அதுக்காக ஊர்ல இருக்கிற பூச்சியெல்லாம் நான் பெத்துவிட்டதா?”

“உங்களுக்கு எல்லாமே பூச்சிதான்.”

“உனக்கு எல்லாமே போன்ல வர்றதுதான். நீ இவளுக்கு அதை ஒழுங்கா குடுக்கறியான்னே எனக்கு டவுட்டா இருக்கு.”

அந்தச் சந்தேகம் அன்றைக்குப் பொய். மறுநாள் மெய்யானது. விடுமுறை நாள். அம்மா கதவைச் சாத்திக்கொண்டு வெறும் ரொட்டியில் வெறும் ஜாம் தடவினாள். மருந்து இல்லாமல் பயம் தெளிகிறதா என்று பார்க்க வேண்டும். யாரிடமும் சொல்லவில்லை.

மகள் ரொட்டியை இரண்டாகப் பிய்த்தாள். நாலாகப் பிய்த்தாள். ஜாமை விரலால் ஒதுக்கி உற்றுப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. இந்தத் தடவை எங்கே வைத்திருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. அன்று முழுக்க அவள் ஒரு வாய் சாப்பிடவில்லை. மாலையில் அம்மாவின் மடியில் வந்து படுத்து, “நான் செத்துப் போயிடுவேனா?” என்று கேட்டாள்.

ரத்தத்தில் கலந்துவிட்டது, என்று அம்மா முடிவு செய்தாள். நிறுத்தினாலும் போகவில்லை.

மறுநாளே மூவரும் டாக்டர் அறையில் இருந்தார்கள். அம்மா சண்டைக்குத் தயாராக வந்திருந்தாள்.

“உங்க மருந்து ஆரம்பிச்சதுல இருந்துதான் டாக்டர். சாப்பிடறதில்ல. நெஞ்சு படபடங்குதுங்கறா. நான் செத்துப் போயிடுவேனான்னு கேக்கறா. எட்டு வயசுப் பிள்ளை கேக்கற கேள்வியா இது?”

டாக்டர் மறுக்கவில்லை.

“மருந்தாலயும் இருக்கலாம்மா. சில பிள்ளைங்களுக்கு இது பதற்றத்தைக் கூட்டும். சிலருக்குக் குறைக்கும். முன்னாடியே இருந்த பதற்றம் இப்பதான் வெளிய தெரியுதுன்னும் இருக்கலாம். பார்க்காம சொல்ல முடியாது.”

மறுப்பார் என்று எதிர்பார்த்து வந்தவள் மகளை டாக்டர் பக்கம் நகர்த்தி உட்கார வைத்தாள்.

டாக்டர் மகளின் எடையைப் பார்த்தார். நாடி பிடித்தார். ரத்த அழுத்தம் பார்த்தார். கையைவிடாமலே கேட்டார்.

“கண்ணு, நெஞ்சு படபடன்னு அடிக்குதாமே. எப்ப அடிக்கும்?”

மகள் அப்பாவைப் பார்த்தாள்.

“அப்பாவைப் பாக்காத. என்கிட்ட சொல்லு.”

“காலையில. அப்பா போன் பண்ணும்போது.”

“அப்பா போன்ல திட்டுவாரா?”

“இல்ல. வண்டுக்கு மருந்து வெச்சாச்சான்னு கேப்பாரு. அம்மா வெச்சாச்சுன்னு சொல்லுவாங்க.”

“வண்டு யாரு?”

“நான்தான்.”

அப்பா நாற்காலியில் அசைந்தார். “டாக்டர், அது செல்லமா…”

டாக்டர் கையை உயர்த்தினார். அப்பா நிறுத்தினார்.

“மருந்து வைக்கிறதுன்னா என்ன கண்ணு?”

“கரப்பான்பூச்சிக்கு வைக்கிறது. இனிப்புல வெப்பாங்க. தெரியாம தின்னுடும். ரொம்ப ஓடும். அப்புறம் அடங்கிடும்.” கொஞ்சம் யோசித்துச் சேர்த்தாள். “நானும் ரொம்ப ஓடறேன்ல. எல்லாரும் என்னை அடங்கு அடங்குன்னுதான் சொல்றாங்க.”

டாக்டர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“அப்ப அந்த ரொட்டியை என்ன பண்ணுவ?”

“நடுவுல இருக்கிறதைக் குழாயடியில துப்பிடுவேன். அம்மா பக்கத்துல நின்னா கொஞ்சம் முழுங்கிடுவேன். அன்னைக்குத்தான் ரொம்ப அடிக்கும்.”

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வேலைப் பழக்கம் டாக்டர்,” என்றார். “நாள் பூரா சொல்ற வார்த்தை. வாயில அப்படியே வந்துடுது.”

“மனுஷங்களுக்கு மருந்து குடுப்பாங்க சார். வைக்க மாட்டாங்க.”

“பிள்ளையால விழுங்க முடியலன்னா தூவிக் குடுங்கன்னு நீங்கதானே சொன்னீங்க…”

“தூவிக் குடுங்கன்னு சொன்னேன். தெரியாம குடுங்கன்னு சொல்லல.”

“நான் ஒரு நாள் குடுக்கவே இல்ல,” என்றாள் அம்மா திடீரென்று. “விடுமுறையன்னைக்கு. இவருக்குக்கூடத் தெரியாது.”

அப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார். அவளைக் கேள்வி கேட்கும் தகுதி இப்போது தனக்கு இல்லை என்று அவருக்குப் பட்டது.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

“நீங்க அவகிட்ட மறைச்சீங்க. அவ உங்ககிட்ட மறைச்சா. அம்மா அப்பாகிட்ட மறைச்சாங்க. எல்லாரும் சேர்ந்து என்கிட்ட மறைச்சீங்க. இப்ப வந்து மருந்தாலயான்னு கேட்டா நான் என்ன சொல்ல? எந்த நாள் எவ்வளவு உள்ள போச்சுன்னு ஒருத்தருக்கும் தெரியாது.” குரலை உயர்த்தாமல் தொடர்ந்தார். “பிள்ளைக்கு இந்த மருந்து வேணுமா வேண்டாமா, அதை நாம பேசி முடிவு பண்ணலாம். ஆனா பிள்ளைக்குத் தெரியாம குடுக்கக் கூடாது. அவமானம்னு நினைச்சு மறைச்சுக் குடுத்தா, பயமுறுத்தறது மருந்தா, நாமளான்னு யாராலயும் கண்டுபிடிக்க முடியாது.”

இப்போதைக்கு மருந்தை நிறுத்தி வைக்கச் சொன்னார். இரண்டு வாரம் கழித்து வரச்சொன்னார். மறுபடி தொடங்கினால் குறைந்த அளவில், மகளுக்குச் சொல்லிவிட்டு, அவள் கண் எதிரே. அப்போதும் படபடத்தால் வேறு வழி இருக்கிறது. ஆனால் தாங்களாக நிறுத்துவதும் தொடங்குவதும் இனி இல்லை. அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

வெளியே வராந்தாவில் ஒரு நீளமான இரும்புப் பெஞ்சு. அப்பா மகளை உட்கார வைத்தார். அவள் எதிரே தரையில் குந்தினார்.

“அப்பா சொல்றதைக் கேளு. ஜாமுக்கு அடியில இருந்தது பூச்சிக்கு வைக்கிறது இல்ல. பிள்ளைங்களுக்குக் குடுக்கிறது. உனக்கு உக்காந்து படிக்கறது கஷ்டமா இருக்குல்ல? ரோட்டுல ஓடிடறல்ல? அதுக்கு உதவி பண்றதுக்காக டாக்டர் குடுத்தாங்க. உன்கிட்ட சொல்லியிருக்கணும். சொல்லல. நாலு பேரு என்ன சொல்லுவாங்கன்னு பயந்துட்டோம்.”

“அப்பா பயந்தீங்களா?”

“ஆமா. உன்னைவிட அதிகமா.”

அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். மகளின் கடிபட்ட விரல்களை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

“தப்பு எங்க மேலதான்டா. மருந்தைச் சந்தேகப்பட்டேன், டாக்டரைச் சந்தேகப்பட்டேன், உங்கப்பாவைச் சந்தேகப்பட்டேன். உன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணல. பிள்ளைகிட்ட மறைச்சுப் பண்ற நல்லதும் அதுக்குக் கெடுதலாத்தான் தெரியும். இப்ப புரியுது. இனிமே உனக்குத் தெரியாம உன் தட்டுல எதுவும் வராது.”

மகள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. கால்களும் ஆடவில்லை. அவள் இவ்வளவு நேரம் அசையாமல் இருந்து அவர்கள் பார்த்ததில்லை. இருவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“சரி,” என்றாள். “ரொட்டி சரி. வேற எதுல எல்லாம் வெச்சீங்க?”