இத்தாவில் விழுந்த முகம்

"தா அதை."

பரீனா கையை நீட்டிக்கொண்டு நின்றாள். கட்டிலில் இருந்த மருமகள் அஸீபா, வெள்ளைப் பிடவையின் மடிப்புக்குள் கையை ஒளித்தாள்.

"மாமி, ஒரு இருவது நிமிசம். பிறகு நீங்களே வெச்சிருங்கோ."

"இத்தாவில இருக்கிறவளுக்கு என்ன கண்ணாடி? என்ர புள்ள மவுத்தாகி முப்பத்திமூண்டு நாள்தான். ஆருக்குக் காட்ட முகம் பாக்கிறாய்?"

உள்ளங்கையளவு கண்ணாடிதான். ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்டது. பரீனா அதைப் பிடுங்கிக்கொண்டு போனாள். சத்தம் போட்டு மறுத்திருப்பாள் அஸீபா. ஆனால் கோபம் வந்தால் இப்போதெல்லாம் சொல்லுக்கு முன்னால் எச்சில் வந்தது. வெட்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சிலாவத்துறைக்கு அப்பால் கடலோரக் கிராமம் அது. அவளுடைய கணவன் பவ்ஸான் கடல் தொழிலுக்குப் போன இடத்தில் நெஞ்சு நொந்து, வள்ளத்திலேயே முடிந்துபோனான். அன்றைக்கே அவளை இத்தாவுக்கு, கணவனை இழந்தவள் ஒதுங்கியிருக்கும் துக்ககாலத்துக்கு, இந்த அறைக்குள் இருத்தினார்கள். நாலு மாதம் பத்து நாள். அதில் அவளுக்குக் குறையில்லை. பவ்ஸானை நினைத்து அழ ஓர் அறையும் அவகாசமும் அவளுக்கும் வேண்டித்தான் இருந்தது. மார்க்கம் கேட்டது துக்கத்தை. ஊர் அதோடு விட்டதா? யன்னல் திறக்காதே, உரத்துப் பேசாதே, கண்ணாடி பார்க்காதே என்று தன் பங்குக்கும் சேர்த்தது. அலுமாரிக் கண்ணாடிக்குப் படுக்கை விரிப்பைப் போட்டு, நாலு மூலைக்கும் ஊசி குத்திவிட்டார்கள்.

இருபத்திரண்டாம் நாள் காலை, தொழுகைக்காக வாய் கொப்புளித்தபோது தண்ணீர் வலப்பக்கத்தால் வழிந்து மார்பை நனைத்தது. திரும்பக் கொப்புளித்தாள். திரும்பவும் வழிந்தது. வலக்கண் மூட மறுத்தது. கூப்பிட்டுக் காட்டியபோது பரீனா அலறிவிட்டாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடி வந்தார்கள்.

"கச்சான் காத்து அடிச்சிருக்கு. எண்ணெய் போட்டுத் தேய்ச்சாச் சரியாப்போகும்."

"ஆஸ்பத்திரிக்கா? இத்தாவில இருக்கிறவள ஆம்பிளையள் பாக்கவா?"

இப்படி ஒரு பக்கம் செயலிழந்து முகம் விழுந்தால் முதல் மூன்று நாளுக்குள் மருந்து உள்ளே போகவேண்டும். எட்டு நாள் எண்ணெய் தேய்த்தார்கள்! கண் இரத்தமாய்ச் சிவந்த பிறகுதான் பவ்ஸானின் தம்பி றிபாத் ஒருவரையும் கேளாமல் ஓட்டோவைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான்.

ஆஸ்பத்திரியில் வாய்க்கும் முகத்தசைக்கும் பயிற்சி கொடுக்கும் வேணுஜா என்ற பெண்ணிடம் அனுப்பினார்கள். திருக்கேதீஸ்வரம் பக்கத்துப் பிள்ளை. அஸீபாவின் கன்னத்தை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"அக்கா, நீங்கள் என்ன செய்யிறனீங்கள்?"

"குர்ஆன் ஓதிக் குடுக்கிறனான். பன்ரண்டு பொம்பிளப் பிள்ளையள் வருவினம். இப்ப பே, மீம், வாவ் ஒண்டும் வருகுதில்ல தங்கச்சி. எல்லாம் உதட்டில நிக்கிற அரபு எழுத்து. பிஸ்மில்லாஹ்வே..." அதற்குமேல் முடியாமல் அழுதாள். இடக்கன்னம் மட்டும் அழுகைக்குக் கோணியது. வலது அசையாமல் கிடந்தது.

வேணுஜா அவள் அழுது முடிக்கும்வரை காத்திருந்தாள். "வரும் அக்கா. பிந்தி வந்தாலும் வரும். ஆனாக் கண்ணாடிக்கு முன்னாலதான் செய்யோணும், நாளைக்கு மூண்டு தரம். உதட்டைக் குவிக்கேக்க கண் சேந்து மூடுதோ எண்டு பாக்கோணும். மூடினா உடன நிப்பாட்டுங்கோ. பாக்காமப் பலமாச் செய்தா நரம்பு பிழையான இடத்தில போய்ச் சேந்திடும். பிறகு சிரிக்கேக்கயும் கண் பூட்டும், ஓதேக்கயும் கண் பூட்டும். அதைத் திருத்திறது பெரிய பாடு."

மூச்சுக்கும் பயிற்சி சொன்னாள். தொங்கும் உதட்டை விரலால் ஏந்தி, வாயை மூடி, மூக்கால் மட்டும் இழுத்து விடவேண்டும். அப்போதுதான் நாக்கு மேலண்ணத்தில் தங்கப் பழகும், வாயும் காயாது. கிழமைக்கு ஒரு முறை வரச் சொன்னாள். அஸீபா ஒரு முறைதான் போனாள்.

கண்ணாடி பறிபோன அன்றைக்கே றிபாத் பள்ளிவாசலுக்குப் போய், மார்க்கம் படித்த ஹஸரத்திடம் கேட்டு வந்தான். அறைத் திரைக்கு வெளியே நின்று தாய்க்கும் மதினிக்கும் கேட்கும்படி சொன்னான்.

"மருந்துக்கு வெளிய போகலாமாம் மதினி. கண்ணாடி பாக்கக் கூடாதெண்டு எந்தக் கிதாபிலயும் இல்லையாம்."

"கிதாபில இல்லாட்டி என்ன?" என்றாள் பரீனா. "ஊரில இருக்கு."

"உம்மா, அவவின்ர முகம் போகப்போகுது!"

"முகம் எங்க ஓடப்போகுது? நாலு மாசம் முடியட்டும், கூட்டிக்கொண்டு போ. ஆரு வேணாமெண்டா?" பரீனா சுவரோடு சாய்ந்து குந்தினாள். "தொண்ணூறில எங்கட சனத்தைத் துரத்த, ஊரை விட்டு ஓடி, புத்தளத்துக் காம்பில உன்ர வாப்பா மவுத்தானார். மூண்டாம் நாள் நான் வாளியோட தண்ணி வரிசையில நிண்டனான், அத்தனை ஆம்பிளைக்கும் முன்னால. பிள்ளையளுக்குத் தண்ணி வேணும், நான் என்ன செய்ய? 'இத்தா இருக்கத் தெரியாதவள்' எண்டு இண்டைக்கும் சொல்லுறாளுகள். என்ர மகனுக்காவது ஒழுங்கா ஒரு இத்தா இருக்கோணும்."

அஸீபாவுக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. எரிச்சலும் வந்தது. மாமி தனக்கு ஊர் செய்த அநியாயத்துக்கு ஊரிடம் அல்லவா கணக்குக் கேட்டிருக்கவேண்டும்?

றிபாத் இன்னொரு நாள் ஓட்டோ கொண்டுவந்தான். பரீனா வாசற்படியில் குறுக்கே படுத்துக்கொண்டாள். பெற்ற தாயைத் தாண்டிப் போக அவனால் முடியவில்லை.

அதன் பிறகு அஸீபா இருட்டில் கல் பொறுக்குவதுபோல விரலால் தடவித் தடவிச் செய்தாள். உதட்டைக் குவித்தாள், கன்னத்தை ஊதினாள். எது அசைகிறது, எது இழுபடுகிறது? விரலுக்கு அரைவாசிதான் தெரிந்தது. பயத்தில் இன்னும் பலமாகச் செய்தாள். எழுபதாம் நாளளவில் உதடு கொஞ்சம் அசைந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று அழுதாள். உதடு அசையும்போதெல்லாம் கண்ணும் சேர்ந்து மூடுவதை அவள் காணவில்லை.

இத்தா முடிந்த அன்று வீடு நிறையப் பெண்கள். ஒருத்தி அவளைக் கண்டதும் கன்னத்தில் கை வைத்தாள். "யா அல்லாஹ், என்ன புள்ள இது? நேரகாலத்தோட டொக்டரிட்டக் காட்டியிருக்கலாமே!" சொன்னது வேறு யாருமல்ல, எண்ணெய்ப் போத்தலோடு முதலில் ஓடி வந்த அதே வாய்.

மாணவி ஒருத்தியின் தாய் அவளிடம் பக்குவமாகப் பேசினாள். "கோவிக்காத ராத்தா, பிள்ளைய வேற இடத்தில விட்டிருக்கிறன். எழுத்துப் பிழைச்சாப் பாவமெல்லோ?"

"ஓம்" என்றாள் அஸீபா.

பிறகு பாய் விரித்தார்கள். இவ்வளவு காலமும் ஊரில் யார் மவுத்தானாலும் குர்ஆனின் யாஸீன் அத்தியாயத்தை ஓதியவள் அவள்தான். கிதாபை யார் எடுப்பது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அஸீபா எடுத்தாள். அவர்கள் பார்த்த பிறகு முகத்தின்மேல் இழுத்துவிட்டிருந்த முக்காட்டைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, உரத்து ஓதத் தொடங்கினாள்.

பிஸ்மில்லாஹ்வின் முதல் எழுத்தே நிற்கவில்லை. உதடு பிதுங்கிக் காற்றுப் போனது. வலக்கண் இறுகப் பூட்டியது. அடுத்த மீமுக்குத் திரும்பவும் பூட்டியது. கடைவாயால் வழிந்ததைப் புறங்கையால் துடைத்துவிட்டு மேலே ஓதினாள். பெண்கள் தலையைக் குனிந்தார்கள். ஒருத்தி விம்மினாள்.

"போதும் புள்ள, கஷ்டப்படாத. மிச்சத்த நாங்க ஓதுறம்."

"இன்னும் எழுவது ஆயத்துக் கிடக்கு. இருந்து கேளுங்கோ."

பரீனாவால் பொறுக்கமுடியவில்லை. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு எழுந்தாள்.

"இருங்கோ மாமி" என்றாள் அஸீபா. குரல் உயரவில்லை. "முடியிறதுக்கு முன்னம் எழும்பக் கூடாது. நான் எழும்பினனானோ?"

பரீனா திரும்பவும் பாயில் அமர்ந்தாள். அஸீபா விட்ட இடத்திலிருந்து ஓதினாள்.