அளவுக்கு ஓர் ஆள்

"தூக்குண்ணே."

பிளாஸ்டிக் நாற்காலியின் முன்கால்களை ஷகீலா கீழிருந்து பிடித்தாள். முதுகுப்பக்கத்தை மேல்படியில் நின்று வாட்ச்மேன் கோதண்டபாணி இழுத்தார். நாற்காலியில் கங்கம்மா கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. நாலாவது படியில் நிறுத்தி மூச்சு வாங்கினார்கள். எட்டாவதில் மறுபடியும். மொத்தம் பதினோரு படிகள்.

"என்னால உனக்கு இடுப்பு போச்சு" என்றாள் கங்கம்மா.

"பேசாத. பேசினா கனம் ஜாஸ்தியாவுது."

மந்தைவெளியில் அந்தப் பெரிய பள்ளிவாசல் எழும்பி மூன்று வருடம் ஆகிறது. மூவாயிரம் பேர் நின்று தொழும் கூடத்தில் ஒரு தூண்கூடக் கிடையாது. தேன்கூடு போல் துளை விட்ட வெள்ளைச் சுவர்கள் வழியாகக் கடல் காற்று வரும்; மே மாதத்திலும் மின்விசிறி தேவைப்படாது. வெளியூர்களிலிருந்து வேன் வைத்துக்கொண்டு வந்து பார்த்தார்கள். தெருவில் மழைத் தண்ணீர் நிற்கும் என்பதால் ஐந்தரை அடி உயர்த்திக் கட்டியிருந்தார்கள். புயல் வந்தபோது குப்பத்து ஜனம் முந்நூறு பேர் நாலு நாள் அந்தக் கூடத்தில்தான் படுத்தது, சாப்பிட்டது. அன்று கங்கம்மா மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஓட்டமாக ஏறிய படிகள் இவை.

கூடத்துக்கு வலப்பக்கம் டயாலிசிஸ் நிலையம். எட்டு மெஷின்கள். யார் வந்தாலும் இலவசம். ஷகீலா அங்கே உதவியாளர். காலை ஏழு மணி ஷிப்டுக்கு வரும் எட்டுப் பேரில் மூன்று பேருக்கு நடக்க முடியாது. கட்டட வரைபடத்தில் பின்பக்கம் ஒரு சாய்தளம் இருந்தது. அந்த இடத்தில் இப்போது ஜெனரேட்டர் நிற்கிறது.

ஐந்து கிலோவுக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது என்று ஷகீலாவிடம் டாக்டர் சொல்லியிருந்தார். முதுகுத்தண்டின் ஸ்கேனைக் காட்டிச் சொன்னார். அவள் அன்றே பள்ளிவாசல் செயலாளர் கரீமுல்லாவிடம் போனாள்.

"நான் வேணாம்னா சொல்றேன்?" என்றார் அவர். புயலின்போது தானே சோறு பரிமாறிய மனிதர். "ஆர்க்கிடெக்டைக் கேக்காம முன்னாடி ஒரு ஆணி அடிக்கக்கூடாதுன்னு கையெழுத்து போட்டிருக்கோம்மா. மெசேஜ் அனுப்பியிருக்கேன்."

மூன்று மெசேஜுக்கும் ஆர்க்கிடெக்ட் கட்டைவிரல் படம் அனுப்பினார். நாலாவதற்குக் குரல் வந்தது: முகப்பு கெடாமல் ஒன்று யோசிக்கிறேன், படம் வரைந்து அனுப்புகிறேன். ஐந்து மாதம் ஆனது.

கடைசியில் ஷகீலா பக்கிரியைக் கூப்பிட்டாள். இதே கட்டடத்துக்குக் கான்கிரீட் வார்க்கச் சென்ட்ரிங் பலகை அடித்த தச்சன். நீளப் பலகைகளைச் சேர்த்து, குறுக்குச் சட்டம் அடித்து, படிகளின் ஓரமாகச் சாய்த்துக் கொடுத்தான். சரிவு கொஞ்சம் அதிகம்தான். ஆனால் ஒருவர் தள்ள, ஒருவர் பிடிக்க, சக்கர நாற்காலி ஏறியது. கரீமுல்லா அந்தப் பக்கம் பார்க்காமல் போய்வந்தார். ஒன்பது நாள் யாரும் யாரையும் தூக்கவில்லை.

பத்தாம் நாள் திங்கட்கிழமை. பலகைகளைக் காணவில்லை. படிகளைக் கழுவி விட்டிருந்தார்கள், ஈரத்தில் பளபளத்தன. எதிரே முக்காலியில் கேமரா. கட்டடக்கலைப் பத்திரிகைக்காகப் படம் எடுக்க எரிக் என்ற சென்னைப் புகைப்படக்காரர் இரண்டு ஆட்களோடு வந்திருந்தார்.

"பலகை எங்க பாய்?" என்று கரீமுல்லாவிடம் கேட்டாள் ஷகீலா.

"பின்னாடிதாம்மா இருக்கு. ஒம்போது மணி வரைக்கும் வெளிச்சம் நல்லா இருக்குமாம். கொஞ்சம் பொறுத்துக்க."

"ஒம்போதா? ரெண்டு நாள் கழிச்சு வந்திருக்கு பாய் இந்த அம்மா, உடம்பெல்லாம் தண்ணி சேந்து கெடக்கு. பதினோரு மணிக்கு அடுத்த ஷிப்டு ஆளு வந்துரும். மெஷின விட்டு எழுப்பிடுவாங்க."

"தூக்கிடுங்களேன், எப்பவும் போல."

"ஈரத்துலயா? வழுக்கினா அவங்க மண்ட உடையும், இல்ல என் மண்ட. கோதண்டம் அண்ணனையும் கார் நகத்த அனுப்பிட்டீங்க."

கரீமுல்லா போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்தார்.

சக்கர நாற்காலியில் கங்கம்மா முன்னால் குனிந்திருந்தாள். "மூச்சு முட்டிக்கினு கீது ஷகீலா. ராவெல்லாம் படுக்கவே இல்ல, குந்திக்கினே கெடந்தேன்."

எரிக் கேமராவிலிருந்து தலையை எடுத்தார். "அக்கா, வீல்சேரைக் கொஞ்சம் இப்படிப் பின்னால தள்ளிக்கலாமா? படத்துல விழுது." பிறகு ஷகீலாவையே பார்த்தார். "நீங்க ஒரு தடவ படியேறிப் போறீங்களா? ஆள் இருந்தாத்தான் கட்டடம் எவ்ளோ பெருசுன்னு தெரியும். அளவுக்கு ஒரு ஆள்."

"ஏறுனா உங்க ஆளுங்க இவங்கள மேல தூக்கி வைப்பாங்களா?"

"கண்டிப்பா. ஒரே ஷாட்."

ஷகீலா நாற்காலியைக் கேமராவுக்குப் பின்னால் தள்ளி, பிரேக் போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். இறங்கினாள். மேகம் வந்துவிட்டது என்றார் எரிக். மறுபடி ஏறினாள். மூன்றாவது தடவை ஒரு காக்கை குறுக்கே பறந்தது.

"தம்பி, மணி ஏழே முக்கா."

"கடைசி, அக்கா. இந்தத் தடவ நல்லா மெதுவா. அவசரமே இல்லாத மாதிரி ஏறுங்க."

ஏழாவது படியில் இடுப்பில் சுளீரென்று இழுத்தது. கையை அங்கேயே ஊன்றிக்கொண்டு நின்றாள். பின்னால் திரும்பிப் பார்த்தாள். கேமராவுக்கு அந்தப் பக்கம், கங்கம்மா வாயைத் திறந்து திறந்து காற்றைத் தேடிக்கொண்டிருந்தாள். இரண்டு ஆட்களும் வெள்ளித் தகடு ஒன்றைத் தூக்கிப் பிடித்து, சுவரில் வெயிலைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள்.

"திரும்பாதீங்க அக்கா" என்று எரிக்கின் குரல் வந்தது. "இடுப்புல கை வேணாம்."